மூடி மாறிய நாற்பத்து மூன்று டப்பாக்கள்

மதிப்பும் அன்பும் ஒருசேர உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் இல்லை. தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் சௌக்கியமாகிவிட வேண்டும். ஏனென்றால் அன்றைய முதல் வண்டியில் தாங்கள் இங்கே வந்தாக வேண்டும். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். தங்கள் தங்கை கண்ணில் பட்டால் நான் தொலைந்தேன்.

அவள் எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்தாங்க, வீடு என்ன ஆனாலும் பரவாயில்ல, அந்த மருந்து அலமாரிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க." தாங்களே சொல்லுங்கள், அரசாங்கப் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனிடம் இப்படிச் சொன்னால் கை சும்மா இருக்குமா? அந்த அலமாரியின் லட்சணம் தங்களுக்கும் தெரியும். காபித்தூள் டப்பாவுக்குள் கடுக்காய், ஜாம் பாட்டிலில் ஏதோ பொடி, முகப்பவுடர் டப்பாவில் பஸ்பம். அதில் பதினாறு, தாங்கள் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது துறைமுகத்துக்கு ஒன்றாக வாங்கி வந்த அரிய வேர்களின் பொடி. எதன்மேலும் பெயர் கிடையாது, எல்லாம் தங்கள் தங்கையின் மூக்கில்தான் இருக்கிறது. இதை ஒழுங்குபண்ணி வைத்தால், கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது என் வேலையைப் பார்த்து அவள் "பரவாயில்லையே" என்று சொல்வாள் என்று ஆசைப்பட்டேன். வேறு ஒரு துர்எண்ணமும் இல்லை.

எது எதற்கு என்று முதலில் பதிவேடு போட வேண்டும். நேராகக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். ஆகவே தொலைபேசியில் நைசாக, "தொண்டை கரகரங்குது, எந்த டப்பா?" என்றேன். "பச்சை மூடி பாட்டில்" என்றாள். குறித்துக்கொண்டேன். அப்புறம் வயிற்றுப் பொருமல் என்றேன், தலைசுற்றல் என்றேன், கால் ஆணி என்றேன். நாலே நாளில் நாற்பத்து மூன்று வியாதி சொல்லி நாற்பத்து மூன்றையும் கண்டுபிடித்தேன். தாய்ப்பால் சுரப்பதற்கான கிழங்குக்கு மட்டும் பக்கத்து வீட்டு அம்மாளை இழுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கு எழுபது வயது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஒரே அளவில் நாற்பத்து மூன்று எவர்சில்வர் டப்பா வாங்கினேன். எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டினேன். அவள் என் முழங்கால் வலிக்குப் பொட்டலம் பொட்டலமாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்த பொடியைக்கூட விடவில்லை, நாற்பத்து மூன்றில் அதுவும் ஒன்று, பிரித்து ஒரு டப்பாவில் கொட்டினேன். பிறகு மூடிகளின்மேல் ஒன்று முதல் எண் எழுதி ஒட்டினேன். பதிவறையில் பெட்டிக்கு எண் மூடிமேல்தான் போடுவோம், அதுதான் விதி. அங்கே மூடிகளுக்குக் கீல் உண்டு, கழன்று வராது என்பது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள் பொடிகளில் ஈரம் தட்டியிருந்தது. அத்தனை டப்பாவையும் திறந்து பால்கனி வெயிலில் வரிசையாக வைத்தேன், மூடிகளை எல்லாம் ஒரு வாளியில் போட்டேன். சாயங்காலம் மூடப் போகும்போதுதான் மச்சான், எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் நாற்பத்து மூன்று வியாதியை முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று அன்றிலிருந்து போனும் செய்யவில்லை, அவள் செய்தாலும் எடுப்பதில்லை. டப்பாவுக்கு ஒரு சிட்டிகையாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு சித்த வைத்தியரிடம் போனேன். அவர் ஒன்றை முகர்ந்து "இது அமுக்கரா" என்றார். சரிபார்க்க யுனானி ஹக்கீமிடம் காட்டினால் "இது அஸ்கந்த்" என்கிறார். "அமுக்கரான்னு சொன்னாங்களே?" என்றேன். "யார் சொன்னது? எங்க ஆஸ்பத்திரியில நூறு வருஷமா இது அஸ்கந்த்துதான்" என்று கோபித்துக்கொண்டார். சித்த வைத்தியர் அதிமதுரம் என்றதைச் சீன மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தால் "கான்சாவ்" என்று எழுதித் தருகிறார். பதிவறை விதிப்படி ஒரு பெயருக்கு ஓர் அட்டை. ஒரு வெள்ளைக் கல்லுக்கு மட்டும் படிகாரம், ஷிப்பே யமானி, மிங்ஃபான் என்று மூன்று அட்டை போட்டேன். போகிற வழியில் முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்து, "இதுக்கா சார் மூணு பேரப் பாத்தீங்க? சவரம் முடிஞ்சதும் உங்க கன்னத்துல நான் தேய்க்கிற கல்லுதானே இது!" என்றார். சவரக்கல் என்று நாலாவது அட்டையும் போட்டேன்.

இப்போது கணக்கு என்னவென்றால், அட்டைகள் நூற்றுப் பதினெட்டு, டப்பாக்கள் நாற்பத்து மூன்று. எழுபத்தைந்து மருந்துகளைக் காணோம். கதவை நான் பூட்டாமல் போனதே இல்லை, யார் எடுத்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்துத் தலை காய்கிறது. போதாக்குறைக்கு ஒரு பொட்டலத்தைப் பார்த்து மூவருமே கையை விரித்துவிட்டார்கள். சித்த வைத்தியர் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, "கைபாகம் தெரிஞ்ச யாரோ செஞ்சிருக்காங்க. கூட்டு பிடிபடல" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் என் முழங்கால் பொடியாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒன்பது வருஷமாகக் காலையும் மாலையும் அவள் கையால் வெந்நீரில் கலக்கிக் குடித்தது. பன்னிரண்டு நாளாக அது இல்லாமலேயே மூன்று மாடி இறங்கி ஏறி, மூன்று இடத்துக்கும் நடையாய் நடக்கிறேன். வலிக்கிறதா என்று கவனிக்கக்கூட நேரம் இல்லை.

ஆகவே மச்சான், தங்கள் வேர்களையாவது தாங்கள் வந்து அடையாளம் காட்டினால் பதினாறு தேறும். அவள் அந்த அலமாரியைத் திறந்து ஒன்றும் புரியாமல் நிற்கிற காட்சியை என்னால் பார்க்க முடியாது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அவள் முகம் வாடினால் தாங்கமாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக எந்த மருந்துக்கும் அவசியமே இல்லாமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் வருகையையே நம்பியிருக்கும்,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் பசையைத் தேடினால், எல்லாம் எண் ஒட்டியதிலேயே தீர்ந்திருந்தது. வாங்கி வரலாம் என்று கதவைத் திறந்தேன், தங்கள் தங்கை பெட்டியோடு நிற்கிறாள். நாலு நாளில் நாற்பத்து மூன்று வியாதி சொன்ன மனுஷன் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று ஆறு நாள் முன்னதாகவே ஓடி வந்திருக்கிறாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அலமாரியைப் பார்த்ததும் கலக்கம் போய்விட்டது. அதன்பிறகு கால் மணி நேரம் அவள் பேசியதை எழுத எனக்கு மனமில்லை. பிறகு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பேர் சொன்னாள், நான் எழுதினேன். இருபது நிமிஷத்தில் நாற்பத்து மூன்றும் முடிந்தது. எதுவும் திருட்டுப் போகவில்லையாம். தங்களுடைய பதினாறு அரிய வேர்களில் பதினொன்று வெறும் சுக்காம். "அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தது, மனசு நோகுமேன்னு சொல்லல" என்றாள். நானும் தங்களிடம் சொல்லவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் சும்மா இருக்காமல், மூன்று வைத்தியருக்கும் பிடிபடாத அந்தப் பொடி என்னவென்று கேட்டுவிட்டேன். "வறுத்த கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு. முழங்கால்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். நீங்க ரிட்டயர் ஆன அன்னிக்கு ஆரம்பிச்ச வலிங்க அது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, 'இப்ப எப்படி இருக்கு'ன்னு ஒருத்தர் வந்து கேட்டா சரியாப் போயிடுது" என்றாள். தாங்கள் வர வேண்டாம் மச்சான். இதைக் கேட்டதிலிருந்து இரண்டு முழங்காலும் விண்விண்ணென்று தெறிக்கிறது. உள்ளே அவள் மாவு வறுக்கிற வாசனை வருகிறது. கரண்டிச் சத்தமும் கேட்கிறது. இப்போதே கொஞ்சம் தேவலை.