நிச்சயதார்த்தத் தட்டோடு நான் ஓடிய காரணம்

டுரியான் துங்கால்,
14.11.1999

கோபத்திலும் என்னை மறக்காத ஜானகி அக்காவுக்கு, தம்பி தம்புசாமி கைகூப்பி எழுதுவது. நானும் பெரியநாயகியும் சுகம். சுங்கை ரம்பாயில் நீயும் மாமாவும் புனிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, இரண்டு வாரமாக என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாய். தீபாவளி முறுக்கும் வரவில்லை.

புனிதாவின் நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில், தட்டைப் பிடித்தபடியே காரில் ஏறிப் போன தாய்மாமன் நான்தான். மறுக்கவில்லை. ஏன் போனேன் என்று நீ கேட்கவே இல்லையே, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷம் நான் டெலிபோன் ஆபரேட்டர். இந்த வருஷம் ஆளுக்கொரு நேரடி லைன் கொடுத்து என் போர்டைக் கழற்றிவிட்டார்கள். என்னையும் கழற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தபோது கோலாலம்பூரிலிருந்து ஹரிதாஸ் என்கிற இன்ஜினியர் வந்தார். இங்குள்ள ஆபீஸ், மஸ்ஜித் தானா ஸ்டோர், மலாக்கா டவுன் கடை, மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைத்து, எதற்கு என்ன நேர்ந்தாலும் அதுவே அறிவிப்பு அனுப்பும்படி செய்தார். அறிவிப்பெல்லாம் இணையத்தில் ஒரே பக்கத்தில் வந்து சேரும். பச்சை நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். "யாரு கூப்டாலும் அங்கிள் உடனே எடுப்பீங்களாமே, நீங்களே பாத்துக்குங்க" என்று என்னை உட்கார வைத்து, இடுப்பில் ஒரு பேஜரையும் மாட்டிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் வாரமே மஸ்ஜித் தானா பிரிண்டரில் காகிதம் குறைகிறது என்று அறிவிப்பு. ஒரு கட்டுக் காகிதத்தைக் காரில் போட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட்டிப் போனேன். ஸ்டோரைக் கவனிக்கும் ஜெயமணி அலமாரியைத் திறந்து காட்டினாள். மேல்தட்டு வரைக்கும் காகிதம். "அண்ணே, பேப்பர் முடிஞ்சா நாங்களே போட்டுக்குவோம்லா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று சொல்லி டீ கொடுத்தாள். ஹரிதாஸிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "செவப்பு மட்டும் பேஜருக்கு வர்ற மாதிரி மாத்திடவா அங்கிள்?" என்றார். "எல்லாமே வரட்டும் தம்பி. மணி அடிச்சா எடுக்காம இருந்து எனக்குப் பழக்கமில்ல" என்றேன். அது என் தப்புதான்.

நிச்சயத்தன்று காலையிலிருந்து பதினோரு மஞ்சள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நீ என்னை முறைத்தாய். தட்டைக் கையில் வாங்கினேன், பேஜர் நிற்காமல் அடித்தது. குனிந்து பார்த்தால் நாற்பத்தாறு சிவப்பு! அக்கா, எங்களிடம் இருப்பதே நாற்பத்தேழு மெஷின். தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யார் இருப்பார்கள்? ஓடினேன். பாதி வழியில்தான் பக்கத்து சீட்டில் தட்டும், அதன்மேல் மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரமும் இருப்பதைப் பார்த்தேன். அழுதேவிட்டேன், ஆனால் காரைத் திருப்பவில்லை.

போய்ப் பார்த்தால் தீயும் இல்லை, புகையும் இல்லை. ஏர்கண்டிலிருந்து சொட்டிய தண்ணீர், எல்லா வயரும் வந்து சேர்கிற ஒரு சின்னப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. செத்தது அது ஒன்றுதான். மற்றவற்றின் சேதி அதைத் தாண்டி வர வழியில்லாததால் எல்லாமே செத்ததாகக் கணக்காகிவிட்டது. ஆனால் தண்ணீர் அடுத்து, கம்பெனிப் பதிவெல்லாம் இருக்கிற பெரிய மெஷினை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன், வாளி வைத்தேன், பட்டு அங்கவஸ்திரத்தால் தரையைத் துடைத்தேன். கோலாலம்பூரில் அதே பக்கத்தைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்த ஹரிதாஸ் போனில், "இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தா எல்லாப் பதிவும் போயிருக்கும் அங்கிள்" என்றார். மறுநாள் மேனேஜர் என் கையைக் குலுக்கினார். ஓய்வு பெறும்வரை இந்த வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மணி நேரம் கழித்துத் தட்டோடு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா சாமிநாதன், "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார். நீ தட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டாய். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பெரியநாயகியிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இருப்பது நீ ஒரு அக்கா, புனிதா ஒரு மருமகள்.

இப்போது ஹரிதாஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பெட்டி செத்தால் பெட்டிக்கு மட்டும் ஓர் அறிவிப்பு வரும். கல்யாணத்தன்று பேஜர் ஜெயமணியிடம் இருக்கும். உலகமே சிவப்பானாலும் மணவறையை விட்டு நான் அசையமாட்டேன். இது சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். புனிதா நூறாண்டு நிறைவாக வாழ என் ஆசி.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தம்பி தம்புசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை தர்மேந்திரன் போன் செய்தார். எங்களுக்கு அடுத்த தொழிற்சாலையில்தானே அவருக்கு வேலை. அங்கேயும் ஹரிதாஸ் இதையே போட்டுக் கொடுத்திருக்கிறாராம். பேஜர் மாப்பிள்ளை இடுப்பிலாம், கல்யாணத்தன்றும் கழற்ற முடியாதாம். "தாலி கட்ற நேரத்துல அடிச்சா என்ன மாமா செய்றது?" என்று பாவம், குரல் நடுங்கக் கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க எந்திரிக்காதீங்க மாப்ள, மண்டபத்துலேருந்து பத்து நிமிஷம்தானே, நான் ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்லா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.