விறகு வேனில் பெண் பார்க்கப் போன கதை

இருபத்தைந்து வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவுமே இல்லை. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போக ஆரம்பித்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, நாலு வீடியோ பார்த்துவிட்டு, பெட்ரோலை நம்பி வாழும் மனித குலத்தின் மேல் நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவின் பழைய வேனை விறகில் ஓட வைத்தேன். ஆமாம், விறகுதான். அடுப்பில் வைப்போமே, அதே.

விஷயம் எளிது. வேனுக்குப் பின்னால் ஓர் இரும்பு டிரம். அதில் சவுக்குத் துண்டுகளைப் போட்டு மூடி, காற்றைக் குறைத்து எரியவிட்டால் ஒரு வாயு வரும். தேங்காய் நார் அடைத்த இன்னொரு டிரம்மில் அதை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். இந்தச் சாதனைக்காகப் பெட்ரோல் டேங்கையே கழற்றி இரும்புக் கடையில் போட்டேன். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்றார் அப்பா. கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்றேன். (வாயில் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அது அவர் தவறு.)

அன்றாட வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது. பால் வாங்கக் கிளம்புவதென்றாலும் இருபது நிமிஷம் முன்னால் பற்றவைக்க வேண்டும். காலையில் சாம்பல் அள்ள வேண்டும், வாரம் ஒருமுறை நார் மாற்ற வேண்டும், மழை பெய்தால் கட்டை நனையாமல் என் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டும். எந்த ஷாம்பு போட்டாலும் என் தலையில் கல்யாணச் சமையல்காரரின் வாசனைதான். பெரிய காஞ்சிபுரத்தில் எந்த முனையில் நின்றாலும், பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து பிரியாணிக்கு எப்போது தம் உடைப்பீர்கள் என்று கேட்பார். புதுமை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

இந்த நிலைமையில்தான் அண்ணனுக்குப் பன்னிரண்டாவது பெண் பார்க்கும் வைபவம் வந்தது. முந்தைய பதினொன்றும் கைகூடவில்லை. அண்ணனிடம் குறை ஒன்றும் கிடையாது. என்ன, பெண் வீட்டில் போய் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டான். இரண்டு வீட்டில் பையன் ஊமையா என்று தரகரிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார்கள். இந்தப் பெண் ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், பெயர் ஹேமா. அண்ணன் முதன்முறையாக ஒரு போட்டோவைப் போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான்.

"இதுவாச்சும் கெடாம இருந்தா போதும்மா" என்றான், தங்கையான என்னிடம். அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே வேனில் நானே கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் அவர்கள் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். அப்பா என் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். அம்மாவும் அண்ணனும் ஏறினார்கள். அண்ணன் புது வேட்டி, புதுச் சட்டை. வண்டி ஊர் எல்லை தாண்டும்போதே கமகமவென்று நெய் வாசனை வந்தது. என் வாயு இவ்வளவு சுத்தமாகிவிட்டதா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஐயம்பேட்டையில் அவர்கள் தெருவுக்குள் திரும்பினால், நடுத்தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவிக் காயவைப்பது. சந்தனக் கலரில் அறுபதடிக்கு ஈரம் மினுங்கிக்கொண்டு நின்றது. பாவு நிற்கிற தெருவில் கலெக்டர் வந்தாலும் காத்திருக்க வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கமாக ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவார்கள். அன்று மேகமூட்டம், காயவில்லை.

மணி பத்து ஐந்து. விறகு வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் வாயு செத்துவிடும். சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். திருப்பும்போது இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றது. டிரம் இருக்கும் பின்பக்கம், கச்சிதமாகப் பாவின் முனைக்கு நேராக.

வாயு வரவில்லை என்றால் உள்ளே கட்டை எங்கோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எப்படிச் சிக்கும், எல்லாம் நான் அளந்து வெட்டிய துண்டுகளாயிற்றே என்று முணுமுணுத்தேன். அம்மா லேசாகச் செருமினாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்ல காரியத்துக்குப் போறோம், அக்னி வேற எரிஞ்சிக்கினு இருக்குது. ஒரு கொப்பரைய பட்டுத்துணில சுத்தி, நெய் ஊத்திப் போட்டேன்."

என் தாயார் என் வாயு உற்பத்தி இயந்திரத்தில் பூர்ணாஹுதி செய்திருக்கிறாள். அந்த முழுக் கொப்பரை டிரம்மின் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

டிரம்மின் மேல் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் உண்டு: 'சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே'. எழுதியது நான். எழுத்து அழகாக இருக்கிறது என்று பலரிடம் காட்டியுமிருக்கிறேன். அதன் மேலேயே துணி சுற்றிய கையை வைத்து மூடியைத் திறந்து, கம்பியை விட்டுக் குத்தினேன்.

முதலில் மஞ்சள் புகை வந்தது. கூடவே பட்டுத்துணி எரியும் நாற்றம். முடி கருகுகிற மாதிரி இருக்குமே, அது. எங்கள் ஊரில் பட்டு அசலா போலியா என்று நூலைக் கொளுத்தி மோந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அந்த வாசனையை அறுபதடிக்கு அப்பால் இருந்தே கண்டுபிடித்து ஒருவர் ஓடிவந்தார்.

"பட்டு எரியுதுபா, பாவு எரியுது" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அவர்தான் பெண்ணின் அப்பா என்பதும், அது அவர் வீட்டுப் பாவு என்பதும் அந்த நிமிஷம் எங்களுக்குத் தெரியாது.

டிரம்முக்குள் ஏதோ உறுமியது. அண்ணன் வேனிலிருந்து குதித்ததைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற ஓடிவருகிறான் என்று நினைத்தேன். (கூடப் பிறந்த பாசம்.) என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் என்னைத் தாண்டிப் போனான். ஒரே இழுப்பில் இடுப்பு வேட்டியை அவிழ்த்து, உதறி, பாவின் முனைமேல் விரித்தான். அதே நொடியில் டிரம் டமார் என்றது.

நெருப்பெல்லாம் இல்லை. வெறும் கரி. மூன்று மாதக் கரி. என் புருவம் இரண்டும் போயின. அண்ணனின் வேட்டி தார் ரோடு மாதிரி ஆனது. அதற்கடியில் பாவு சந்தனக் கலராகவே இருந்தது.

அண்ணன் நீல நிறக் கோடு போட்ட அண்டர்வேரோடு நடுத்தெருவில் நின்றான். குனிந்து வேட்டியை எடுக்கப் போனவனைப் பெண்ணின் அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தொடாதப்பா. தூக்கினா கரி ஈரத்துல கொட்டிடும். காயட்டும், அப்பால சுருட்டிக்கலாம்."

காய அரை மணி நேரமாயிற்று. அதற்குள் ராகு காலம் நிம்மதியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பாவின் மறுமுனையில் நைட்டியும் தோளில் துண்டுமாக, கையில் நீவுகிற பிரஷ்ஷோடு ஒரு பெண் அசையாமல் நின்றிருந்தாள். அவளைப் போட்டோவில் பார்த்திருக்கிறோம். ஷேர் ஆட்டோவில் எப்போதோ வந்து சேர்ந்திருந்த அப்பா, அந்த வீட்டு வாசலில் காபி டம்ளரோடு, எங்களைத் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஊதாக் கலர் கண்ணாடி வைத்த துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் போனான். நான் புருவமில்லாமல் பின்னால் போனேன். அண்ணன் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அன்று மட்டும், கெடுத்துவிட்டோம் என்று நிஜமாகவே அழுகை வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணன் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. திறந்து சொல்வதற்கு மிச்சமும் இல்லை.

கேசரி வந்தது. சம்பிரதாயத்துக்குப் பெண்ணின் அப்பா, பையனிடம் ஏதாவது கேட்கணுமாம்மா என்று ஹேமாவிடம் கேட்டார். அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவு ஈரமா இருக்கறப்ப கரி பட்டா போகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. உங்க வூட்டுப் பாவுன்னும் தெரியாது. யாரோ கஷ்டப்பட்டு நீட்டினதாச்சேன்னு" என்றான் அண்ணன். பன்னிரண்டு பெண் வீடுகளில் அவன் பேசிய மொத்த வசனம் இவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் கல்யாணம். வேனுக்குப் பெட்ரோல் டேங்க் திரும்ப வந்தது. புருவமும் வந்தது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் யோசித்து வந்தது. வண்டி நின்றிருக்காவிட்டால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று அம்மா இன்றுவரை கொப்பரைக்குப் புகழ் சேர்க்கிறாள். டிரம் செய்தவளை யாரும் நினைப்பதில்லை.

அண்ணியிடம் யாராவது, பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையைச் சரியாகப் பார்த்தீர்களா, இல்லை தலை குனிந்தே இருந்துவிட்டீர்களா என்று கேட்டால் போதும். அண்ணன் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவான். அண்ணி சாவகாசமாகச் சொல்வாள்:

"மத்தவங்கல்லாம் கல்யாணத்துக்கு அப்பால பார்த்ததை, நான் தெருவே பார்க்கப் பார்த்துட்டுத்தான் சம்மதம் சொன்னேன்."