ஒத்தை சீட்டு வண்டி

ஐம்பது வயதில் மனிதனுக்கு ஞானம் வரும் என்பார்கள். ஆவூர் லியோ வாத்தியாருக்கு பைக் ஆசை வந்தது. பறக்கிற பைக் இல்லை. வட்ட விளக்கும் தொப்பை டேங்குமாக, பழைய தோரணையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து போகிற வண்டி.

ஆசைக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி ஜெயராணி ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு, குளத்தூரிலுள்ள தன் அண்ணன் வீட்டுக்கு விடச் சொல்வாள். அங்கே மச்சான் மரியசெல்வம், போர் போட்ட கதையை ஆதியோடந்தமாகச் சொல்வார். பதினோரு வருஷமாகச் சொல்கிறார், தண்ணீர் இன்னும் வரவில்லை. வாத்தியாருக்கோ ஒரு ஞாயிறாவது தன்னந்தனியாக மணமேல்குடிக் கடற்கரை வரை போய்வர வேண்டும். நினைத்தாலே நெஞ்சு குளிர்ந்தது.

ஷோரூமில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்தார். பச்சைக்கு நீள சீட்டு. கறுப்புக்கு ஒத்தை சீட்டு. பின்னால் கோழிக்குஞ்சுகூட உட்கார முடியாது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் வீட்டில் வகுப்பு நடந்தது. கறுப்பு எடை குறைவு, மைலேஜ் கூட, சத்தம் சாந்தம், முதுகு வலிக்காது என்றார். சீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நர்சான ஜெயராணி, ஊசி போடுகிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கறுப்பையே எடுக்கலாம் என்றாள். வாத்தியார் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

சனிக்கிழமை ஷோரூமில், ஓட்டிப் பார்க்க லைசென்ஸ் கேட்டார்கள். வாத்தியாருடையது போன மாசமே காலாவதியாகியிருந்தது. ஜெயராணி தன்னுடையதை நீட்டினாள். தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராகக் கியர் வண்டி ஓட்டிய கை அது. ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கி, விற்பனைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள்.

“நீங்க சொன்னது அத்தனையும் நெசந்தாங்க. முதுகே வலிக்கல.”

“அப்ப எடுத்துருவமா?”

“எம்பேருல எழுதச் சொல்லிட்டேன்.”

அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில் பங்குச் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஜெயராணி ஹெல்மெட்டை மாட்டினாள்.

“மணமேல்குடி வரைக்கும் போயிட்டு வாரேங்க. வழி ஒங்க போன்லயே இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.”

வாத்தியார் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நானு?”

“ஒக்கார எடமில்லாத வண்டியாத்தானே பாத்துப் பாத்து எடுத்தீங்க? லைசென்ஸ் இல்லாம ஸ்கூட்டரத் தொடாதீங்க. பஸ்ஸுல வருவீங்கன்னு அண்ணனுக்குச் சொல்லிட்டேன்.”

கறுப்பு வண்டி சாந்தமான சத்தத்தோடு கிழக்கே போனது. வாத்தியார் மச்சானுக்கு வாங்கிய ஆப்பிள் பையோடு குளத்தூர் பஸ்ஸில் ஏறினார். அதிலும் உட்கார இடமில்லை.