எதிரி வீட்டுக்குள்ளேயே

“நான் இடிச்ச கிழங்குல விஷமா வச்சிருக்கேன்?” மாமியார் தட்டை வெடுக்கென்று நகர்த்தினார்.

“ஐயோ அத்தை! எங்க அக்காவுக்கு முடக்குவாதம் வந்து விரல் மடங்கிப்போச்சே, அது எனக்கும் வந்துடக் கூடாதுன்னு டாக்டர் பட்டியல் குடுத்திருக்கார். கீரை, மீன், நடை, தூக்கம். முக்கியமா, கவலையே கூடாதாம்.”

இதோஹான் பெனின் நகரத்தில் சடை பின்னிப் பிழைப்பவள். விரல் போனால் பிழைப்பும் போச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியாருக்குப் புரியட்டுமே என்று விளக்கம் வேறு சொன்னாள்.

“இது வெளியிலேர்ந்து வர்ற கிருமி இல்ல அத்தை. நம்மைக் காக்க வேண்டியதே நம்மை அடிக்குமாம். எதிரி வீட்டுக்குள்ளேயேதான்!”

அந்த ஊரில் வீட்டுக்குள் எதிரி என்றால் ஒரே அர்த்தம், சூனியம் வைக்கும் சொந்தக்காரர். ஞாயிறுதோறும் பாஸ்டர் தொண்டை கிழிய விரட்டுவது அவர்களைத்தான். இந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த சொந்தமோ மாமியார் ஒருவர்தான்.

“என்னையா சூனியக்காரிங்கறே?”

ஒப்பாரி தொடங்கியது. சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று கணவன் ஒசாரெதின் பாஸ்டரையே அழைத்து வந்தான். அவர் மூன்று நாள் விடியற்காலை ஜெபம் அறிவித்தார், ஒலிபெருக்கியோடு. தூக்கம் போயிற்று.

“பாஸ்டர், இது சாப்பாட்டு விஷயம். நீங்களே படிச்சுப் பாருங்க.”

அவர் பட்டியலைப் படித்தார். “இனிப்பு சோடா ஆகாது... சரி, அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது யாரு?”

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். பெட்டி நிறைய ஆரஞ்சு சோடாவோடு வந்திறங்கியவர் அவர்தான்.

மாமியார் மூட்டை கட்டினார். விவகாரம் குடும்பப் பெரியவர்கள் வரை போய், பஞ்சாயத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கீரையா வைக்க முடியும்? காலையிலிருந்து கிழங்கு இடித்து, ஆட்டிறைச்சி பொரித்து, இதோஹானின் விரலெல்லாம் விண்விண் என்று தெறித்தது.

உலக்கையைத் தொப்பென்று போட்டாள். “கவலைப்படாதேன்னு சொன்ன அந்த டாக்டர் ஒரு நாள் இங்கே இருந்து பார்க்கட்டும்! அத்தை கிளம்பட்டும். எனக்கு நிம்மதி வேணும்!”

தாயை அழைத்துப்போக வந்திருந்த நாத்தனார் இசோகென் கூடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

“அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு அண்ணி. கவலையில்லாத வீடாப் பார்த்து ஒரு மாசம் இருங்கன்னு அவங்க டாக்டர் சொன்னார். பிள்ளைங்க அஞ்சு பேரு வீட்டையும் யோசிச்சுட்டு, ‘இதோஹான்கிட்டே போறேன்’னாங்க.”