நான் கும்பிட்ட ஐஸ் பெட்டி

விக்கிரகத்தைக் கும்பிடாதே என்பது உட்பட, பைபிளின் பத்துக் கட்டளைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஞாயிறு பள்ளியில் அதற்காக ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்று, பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராகவும் ஆன பிறகு, ஏழு மாதம் ஒரு பிரிட்ஜைக் கும்பிட்டேன். (சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாகச் சிரிக்கிறார்கள்; நான் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். குமாரபாளையத்தில் ஒரு தறித் தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தேவராஜ் வங்கியில் குமாஸ்தா. மகள் கிரேஸுக்கு ஐந்து வயது. வீட்டின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். பகலெல்லாம் சுவர் அதிரும். அந்தத் தெருவுக்கு வந்த முதல் பிரிட்ஜ் எங்களுடையதுதான். சேலத்திலிருந்து டெம்போவில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியபோது, தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். வாசலில் நான் நின்ற தோரணையைப் பார்த்தவர்கள், அதை நானே பெற்றெடுத்ததாக நினைத்திருப்பார்கள்.

சமையலறையில் வைக்கலாம் என்றார் கணவர். நாலு பேர் கண்ணில் படாத இடத்தில் வைக்க அது என்ன அம்மிக்கல்லா? முன் அறையில், வாசலுக்கு நேர் எதிரே வைத்தேன். ஸ்டெபிலைசருக்குச் சுவரில் ஒரு தாங்கி அடிக்க வேண்டியிருந்தது. சரியாக அந்த இடத்தில், எங்கள் கல்யாணத்துக்குச் சர்ச் சபையார் கொடுத்த பைபிள் வசனப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ("அப்புறம் வேற எடத்துல மாட்டிக்கலாங்க" என்றேன். மாட்டவில்லை.)

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பழைய மல் துணியால் அதைத் துடைப்பது. காபியெல்லாம் அதற்குப் பிறகுதான். அதன் தலையில் போட நானே அன்னப்பறவை பின்னிய ஒரு துணி தயார் செய்தேன். பிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. அதன் சாவியை எங்கே வைத்தாலும் மனம் ஆறவில்லை. கடைசியில் தாலிச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்திலேயே கோத்துக்கொண்டேன். சங்கிலியைக் கழற்றாமல் பூட்டைத் திறக்க வேண்டுமென்றால், நன்றாகக் குனிந்து நெற்றி கதவில் படும்படி நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அப்படி நின்றேன். வாசலில் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதும் நின்றுபோனது. இதற்கு என்னிடம் விஞ்ஞானக் காரணம் இருந்தது. தறிகள் ஓடும்போது கரண்ட் இழுத்துக்கொண்டு போய்விடும். பிரிட்ஜ் முக்கும், முனகும், ஐஸ் கட்டாது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. அன்றுதான் ஐஸ் கட்டும். ஐஸ் கட்டும் நாளில் வீட்டைவிட்டு யார் போவார்கள்? கணவரும் கிரேஸும் ஆராதனைக்குப் போவார்கள். நான் காலை முழுக்க ஐஸ் தட்டுக்குக் காவல் இருப்பேன். போதகரின் மனைவி வழியில் பார்த்து விசாரித்தபோது, முட்டிவலி என்றேன். (அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது.)

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற பகுதி. இனிமேல் வருவதில் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பக்கத்துத் தறிக்கூடம் பாவாயி வீட்டுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனாலும் வாய் நிறைய "டீச்சரம்மா" என்பாள். அவள் கணவர் ரங்கசாமிக்குச் சர்க்கரை வியாதி. ஈரோட்டு டாக்டர் தினமும் இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருந்தார். ஒரு நாள் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்த மருந்தக் குளுந்த எடத்துல வெக்கோணுமாமா. உங்க ஐஸ் பொட்டில ஒரு மூலைல வெச்சுக்கறீங்களா? எங்கூட்டுக்காரருக்குங்க."

உள்ளே இரண்டு தட்டு காலியாகத்தான் இருந்தது. இருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மருந்து வாசனை பட்டா பால் கெட்டுப்போயிடுமே பாவாயி!" மூடி இறுக்கிய கண்ணாடிக் குப்பியிலிருந்து வாசனை வரும் என்று ஒரு விஞ்ஞான டீச்சர் சொன்னாள்.

"அப்படீங்களா? அப்ப வேண்டாமுங்க. உங்க பொட்டிக்கு ஒண்ணு ஆயிரக் கூடாது" என்று உண்மையாகவே கவலைப்பட்டுத் திரும்பிப் போனாள். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்றைக்குக் கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஏழாவது மாதம் ஆயுத பூசை வந்தது. பள்ளி விடுமுறை, வங்கி விடுமுறை. மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தேன். கோயிலுக்குப் போகாதவளுக்கு ஜெபக்கூட்டத்தில் என்ன அக்கறை என்று கேட்கிறீர்களா? சபையார் இன்னும் பிரிட்ஜைப் பார்க்கவில்லையே! எல்லோருக்கும் ஜில்லென்று ரோஸ் மில்க் கொடுக்கத் திட்டம். தறிகளெல்லாம் பூசையில் இருந்ததால் கரண்டும் அமோகம். காலையிலேயே பாலைக் கலந்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

மதியம் கண்ணாடித் தம்ளர் வாங்கப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போனோம். கரண்ட் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசரை அணைக்கச் சொல்லி வீட்டுச் சாவியைப் பாவாயியிடம் கொடுத்தேன். மருந்து வைக்க இடம் தராத நான், அவளிடம் காவல் வேலை மட்டும் கூச்சமில்லாமல் கேட்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சபையார் சேர்ந்துகொண்டார்கள். போதகர், அவர் மனைவி, சபைச் செயலாளர் ஞானாபரணம், இன்னும் ஏழெட்டுப் பேர். ஞானாபரணம் ரொம்பக் கண்டிப்பானவர். பிரசங்கத்தில் யாராவது தும்மினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். நான் முன்னால் நடந்து, "வாங்க, வாங்க" என்று கதவைத் திறந்தேன்.

பிரிட்ஜின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கழுத்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே செவ்வந்தி மாலை. கதவில் குழைத்த சந்தனம் மூன்று பட்டையாக, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். லாரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல் முன்கால்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். கைப்பிடியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எதிரே பொரி, கடலை, கற்பூரத் தட்டு. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய பாவாயி, கை கூப்பி நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா? தறிக்கெல்லாம் பூசை முடிஞ்சுதுங்க. நாள்கெழமை அதுவுமா இந்தப் பொட்டிக்கு மட்டும் ஒரு பூக்கூட இல்லாம நிக்குதேன்னு மனசு கேக்கலீங்க" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டது.

"சகோதரி, இது என்ன?" என்றார் ஞானாபரணம், என்னைப் பார்த்து. பாவம், பாவாயி தன்னைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"டீச்சரம்மாவோட சாமிங்க இது!" என்று பெருமையாகச் சொன்னாள். "அவ்வளவு பக்திங்க. காலைல எந்திரிச்சதும் இதைத் தொடச்சுட்டுத்தான் மத்த வேலை. சாவியக்கூடத் தாலியில கோத்திருக்கறாங்க. ஒரு நாளைக்கு நாலு வாட்டி தலை வெச்சுக் கும்புடறத நானே சன்னல்ல பாத்திருக்கறேன். எங்கூட்டுக்காரரு மருந்தக்கூட உள்ள வெக்க வேண்டாம்னுட்டாங்க. சுத்தபத்தம்னா அப்படி இருக்கோணுமுங்க. எங்க கோயல்லயும் கருவறைக்குள்ள கண்டவங்கள உடமாட்டாங்கல்ல?"

கேலியில்லை, குத்தலில்லை. மனதார என்னைப் பாராட்டினாள். ஏழு மாதமாக நான் செய்ததை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பிரசங்கியும் சொல்லியிருக்க முடியாது.

அந்த நிமிடம் எனக்குத் தோன்றிய ஒரே வழி, பேச்சை மாற்றுவது. "முதல்ல எல்லாரும் ரோஸ் மில்க் குடிங்க!" என்று கத்திக்கொண்டே பிரிட்ஜை நோக்கி ஓடினேன். சங்கிலியை எடுத்தேன், குனிந்தேன், நெற்றியைக் கதவில் வைத்துப் பூட்டைத் திறந்தேன்.

திரும்பினேன். போதகரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார். கிரேஸ்தான் சொன்னாள்: "அம்மா, நெத்தியில பொட்டு!"

பொட்டு மட்டுமா? சந்தனப் பட்டையும் குங்குமமும் அச்சு எடுத்ததுபோல் என் நெற்றியில் இறங்கியிருந்தன. போதகரின் மனைவியால் அதற்குமேல் முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞானாபரணம் சிரிக்கவில்லை. "இந்த மாலையப் பிச்சு வெளிய எறிஞ்சாத்தான் இங்க ஜெபம். இந்தப் பெட்டி இன்னிக்கே இந்த வீட்டைவிட்டுப் போகணும். அதுவரைக்கும் இந்தம்மா கோயில்ல நற்கருணை அப்பம் எடுக்கக் கூடாது" என்றார். பாவாயியின் முகம் சுருங்கிவிட்டது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று புரிந்து, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மூலையில் ஒதுங்கினாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

"மாலையைப் பிய்க்க மாட்டேங்க" என்றேன். "அது பாவாயி எனக்குச் செஞ்ச மரியாதை. அவங்க வெச்சது, அவங்களே எடுக்கட்டும். பெட்டியும் எங்கயும் போகாது. அது என்ன பாவம் செஞ்சுது? குளிர வெக்கறது அதோட வேலை, ஒழுங்காச் செய்யுது. ஏழு மாசமா என் வேலையைச் செய்யாதது நான். கோயிலுக்கு வரல. முட்டிவலின்னு பொய் சொன்னேன். ஒரு மனுஷனோட மருந்துக்கு இடமில்லன்னேன். விக்கிரகம் எனக்குள்ள இருக்கு, ஐயா. தூக்கி வெளிய போடணும்னா என்னைத்தான் போடணும். தூக்குங்க, பாக்கலாம்!"

(அப்போது நான் நல்ல கனம். யாரும் முன்வரவில்லை.)

பாவாயியிடம் போனேன். "மருந்து எங்க? எடுத்துட்டு வாங்க."

அவள் தயங்கினாள். "வேண்டாமுங்க. மருந்து வாசம் பட்டாப் பால் கெட்டுப்போயிருமுங்களே."

என் பொய்யை என்னிடமே திருப்பித் தந்தாள், பத்திரமாக வைத்திருந்த பொருளைத் தருவதுபோல. அது பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அப்போதுதான் மெல்லச் சொன்னாள்: "போன மாசம் வெயில்ல ஒரு பாட்டல் கெட்டுப்போச்சுங்க. தெரியாம அதையே போட்டுட்டோம். அவரு ரெண்டு நாள் கண்ணே தொறக்கலீங்க. ஈரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனோம்." அந்த இரண்டு நாளும் அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஐஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைப்பெட்டி வந்தது. ரோஸ் மில்க் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு நடுத்தட்டில் வைத்தேன். சாவியைச் சங்கிலியிலிருந்து கழற்றிப் பாவாயி கையில் கொடுத்தேன். அவள் தானாகவே மாலையை எடுத்துப் போய்த் தன் தறிக்குப் போட்டாள்.

"ஜெபிக்கலாமா?" என்றார் போதகர். நான் ஜெபிக்கிறேன் என்றேன். நெற்றியைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கைக்குட்டை நீண்டது, வாங்கவில்லை. எந்தக் கோலத்தில் பிடிபட்டேனோ அந்தக் கோலத்திலேயே முழங்கால் போட்டேன். எட்டு வகைப் பெரிய ஜெபம் எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, ஏழு மாசமா உங்களைக் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன். வெக்கமா இருக்கு. திரும்பி வந்துட்டேன். சேத்துக்குங்க." அவ்வளவுதான். "ஆமென்" என்று கிரேஸ்தான் உரக்கச் சொன்னாள்.

ஞானாபரணம் முழங்கால் போடவில்லை, ரோஸ் மில்க்கும் குடிக்கவில்லை, விடைபெறாமல் போனார். என்னைச் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு வருடம் விலக்கி வைத்தார்கள். வைக்கட்டும். அந்த வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன், அவர் கண்ணுக்கு நேராக. பிரிட்ஜ் முன் அறையிலேயே இருந்தது, பூட்டில்லாமல். தெருவில் பாதிப்பேரின் மோரும் மல்லிகைப்பூவும் அதில் இருந்தன. ரங்கசாமி மாலையில் தானே வந்து மருந்து எடுத்துப் போவார்; அதன் பிறகு இருபது வருடம் தறி ஓட்டினார்.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு வாக்கியம். எதையாவது நான் அளவுக்குமீறிக் கொண்டாட ஆரம்பித்தால், புதுச் சேலையோ, புது வீடோ, யாராவது சொல்வார்கள்: "நெத்தியக் காட்டு." கணவர் கடைசிவரை சொன்னார். போன மாதம் பேரனின் பரீட்சை முடிவு வந்தது. அவன் மாவட்டத்தில் எத்தனையாவது என்று சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னேன். பதினெட்டாவது போனுக்கு எண்ணைத் தேடும்போது கிரேஸ் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, நெத்தியக் காட்டுங்க."

கண்ணாடியைக் கழற்றினேன். நன்றாக நிமிர்ந்து, "பாத்துக்கோ, எனக்கென்ன பயமா?" என்று காட்டினேன்.

அவள் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் இருந்துச்சும்மா" என்றாள்.