அறிக்கையில் விடுபட்ட இரண்டு வெள்ளைகள்

மார்ச் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மானிப்பாயில் எங்கள் வீட்டுக் கிழக்கு யன்னலில் வெயில் நேராக அடித்தது. என்னைக் கெடுத்தது அந்த வெயில்தான். அன்று மழை பெய்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அந்த யன்னல் கண்ணாடியில் என் மனைவி பரமேஸ்வரியின் மூளைப் படத்தை ஒட்டி வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்கான் எடுத்த இடத்தில் தந்த பெரிய கறுப்புப் படம். வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை, மொத்தம் இருபது தலைகள். நான் முப்பத்திரண்டு வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவன். பிறர் எழுதித் தந்த எண்ணிக்கையை ஒருநாளும் நம்பியதில்லை. (எங்கள் கலியாணத்தில் பந்தியில் இருந்தவர்களையும் எண்ணினேன். 214.)

அறிக்கையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்பது என்று இருந்தது. எனக்குப் பதினொன்று வந்தது. மூன்று தரம் எண்ணி, நீல மார்க்கரால் வட்டமிட்டு இலக்கமும் போட்டேன். விடுபட்ட இரண்டும்தான் எல்லாவற்றிலும் பெரியவை. கடைசி வரிசையில், முன்பக்கமாக, இடமும் வலமும், ஒரே உருண்டை, ஒரே அளவு. பயறளவானதை எழுதியவன் தேசிக்காய் அளவானதை விட்டிருக்கிறானே என்று எனக்கு இரத்தம் கொதித்தது.

பரமேஸ்வரிக்கு உடம்பின் காவலே நரம்பைத் தாக்குகிற வியாதி. மூன்று நாளாக வலக்கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிக்கு மருந்து ஏற்ற வேண்டும், பிந்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானோ ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணக்குச் சரிவராமல் தரமாட்டேன் என்று நின்றேன்.

“இஞ்சாருங்கோ, கண் என்ரை. மருந்தை ஏத்த விடுங்கோ.”

“உனக்காகத்தான் கதைக்கிறன். சும்மா இரு.”

காத்திருந்த பதினேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தரை மணியாகியும் ஓயாத சத்தம் கேட்டு டொக்டர் வெளியே வந்தார். என் மகள் வயது இருக்கும்.

“மூளைக்குக் காவல் இருக்கெண்டு சொன்னியள்,” என்றேன். “அந்தக் காவல் ஏன் வீட்டுக்காரரைக் கடிக்குது?”

“மூளைக்குள்ளை காவல் கலங்கள் இருக்கு, ஐயா. அதுகளின்ரை மேலிலை காது மாதிரி, கட்டளை வாங்குற ‘வாங்கிகள்’ இருக்கு. சிலது ‘கடி’ எண்ட கட்டளையை வாங்கும். சிலது ‘நிப்பாட்டு’ எண்டதை வாங்கும். அம்மாவுக்கு நிப்பாட்டுற கட்டளை எடுபடேல்லை. சொந்த நரம்பின்ரை உறையையே அரிக்குது.”

“அப்ப அதுகளின்ரை காதைத் திருகுங்கோ.”

“முதல் இவரின்ரை காதைத் திருகுங்கோ, டொக்டர்,” என்றாள் பரமேஸ்வரி. பதினேழு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் ஏறியது. படத்தை விரித்து, பத்தாம் இலக்கத்திலும் பதினோராம் இலக்கத்திலும் விரலால் குத்தினேன். “உதுக்கு என்ன சொல்லுறியள்?”

டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வட்டங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, உது ரெண்டும் அம்மாவின்ரை கண்கள்.”

முப்பத்தொன்பது வருடமாக என்னை முறைத்த கண்கள். மூடை எண்ணியே பழகியவனுக்குத் தலையில் கண் இருக்கும் என்ற ஞாபகம் வரவில்லை.

“அம்மாவின்ரை காவல் கலங்களும் உதைத்தான் செய்யுது,” என்றார் டொக்டர். “சொந்தக் கண்ணை எதிரிக் கணக்கிலை சேர்க்குது. அதுகளுக்கு மருந்து இருக்கு. படிவத்தைத் தாங்கோ.”

கொடுத்தேன். மருந்து ஏறத் தொடங்கியபோது மணி பத்து ஐம்பத்தைந்து. ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் அவளுடைய கண்ணிலிருந்து நான் திருடியது.

பன்னிரண்டாம் நாள், என் சோற்றில் கிடந்த கல்லை அவளே காட்டினாள். பார்வை வந்துவிட்டது. படம்தான் போய்விட்டது. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்றார்கள். வட்டங்களை அழிப்போம் என்று, பெயின்ற் கரைக்கிற தின்னரால் துடைத்தேன். மார்க்கரோடு மூளையும் அழிந்தது.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையது. கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தால், “அம்மாவின்ரை பத்தும் பதினொண்டும் எப்பிடி இருக்கு?” என்றுதான் தொடங்குகிறாள். நான் கடைக்காரனின் மிச்சக்காசை எண்ணினால் போதும், பரமேஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் கிட்டக் கொண்டுவருவாள்.

“உதையும் எண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ. சரியாய் ரெண்டு இருக்கோ?”

இருக்கிறது. புதுப் படம் 36,500, தின்னர் 480, மார்க்கர் 120, ஓட்டோ 2,400. மொத்தம் 39,500 ரூபாய்.