ஜீன் சித்தரும் குபுகுபு பெட்டியும்

2012-இல் திண்டிவனத்தில் கூட்டம் அலைமோதிய இடங்கள் இரண்டு. ஒன்று பஸ் ஸ்டாண்ட். இன்னொன்று ஜீன் சித்தர் இறங்கியிருந்த கல்யாண மண்டபம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர்களாவது எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சித்தர் அதற்கு முந்தைய வருஷம்வரை முகையூர்ப் பக்கம் மைக்செட் வாடகைக்கு விட்டவர். ஒருநாள் பேப்பரில் படித்தார்: ரத்தம் போகாத காலில் ஜீனை, அதாவது மரபணுவை, ஊசியாகப் போட்டால் புது ரத்தக்குழாய் முளைக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது. 'முளைக்கலாம்', 'ஆராய்ச்சி' இரண்டையும் குப்பையில் போட்டார். மிச்சத்தைப் பேனராக அடித்தார்: "கருகும் காலில் புது ரத்தக்குழாய்! மூவாயிரம் வருஷத்து ஓலைச்சுவடி ஜீன்!"

வைத்தியம் ரொம்ப சுலபம். முழங்கால்வரை சிவப்புத் துணி சுற்றுவார். எண்ணெய் ஊற்றுவார். துணியை அவிழ்க்கவே கூடாது. வெளிச்சம் பட்டால் புதுக் குழாய் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுமாம். (குழாய்க்காவது வெட்கம் இருந்தது.) பிறகு ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் வயரைத் துணிமேல் வைப்பார். "குபுகுபு குபுகுபு!" ரத்தம் பாய்கிற சத்தம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கரண்ட் போனால் மண்டபம் முழுக்க ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால், சித்தர் இன்வெர்ட்டரும் வாங்கியிருந்தார்.

மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி பெரியநாயகத்துக்கு, பீடி இழுத்தே இடது காலில் ரத்தக்குழாய் அடைத்து, சுண்டுவிரல் கறுத்துவிட்டது. "பீடியை விடு, உடனே வந்து சேரு, இல்லன்னா காலே போயிடும்" என்றார் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி டாக்டர். சித்தர் பீடியை விடச் சொல்லவில்லை. ஆகவே சித்தரே சிறந்த டாக்டர்!

பெரியநாயகத்தின் மனைவி சூசை மேரி கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். கடைசியில் குடும்ப நண்பர் விருத்தாசலத்தைக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு கால் ரப்பர். ஒரிஜினலைப் பீடிக்குக் கொடுத்தவர்.

மண்டபத்தில் விருத்தாசலம் அந்தக் காலையே நீட்டினார்.

"சாக்ஸோடவே சுத்துங்க சாமி. கழட்டுனா நாத்தம் பேஜாரு பண்ணும்."

சித்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றினார். "இன்னாப்பா, கால் ஐஸ் மாதிரி கீது!"

"கிள்ளுனாகூட தெரியல சாமி."

குபுகுபு குபுகுபு!

"முளைச்சிடுச்சி! ரெண்டே வாரத்துல ஓடுவ!"

விருத்தாசலம் ரப்பர் காலைக் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்தார். காலைக் கழற்றி, பந்தயத்தில் ஜெயித்தவன் கோப்பையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார்.

மண்டபமே எட்டிப் பார்த்தது. முதல் வரிசையிலிருந்த கோவிந்தம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"ஐயோ சாமி! ரப்பர் காலுக்கே ரத்தம் ஓட்டிட்டாரே!"

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்து கும்பிட்டது. "எல்லாம் ஜீனு..." என்று சித்தர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். பெரியநாயகம் கறுத்த விரலோடு இன்னும் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

சூசை மேரிக்கு வந்ததே கோபம்! வயரைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்தார். குபுகுபு!

"சேருக்கும் முளைச்சிடுச்சா சாமி?"

"அருள் இருந்தா..."

புடவையில் குத்தியிருந்த பின்னூசியை உருவினார். ரப்பர் காலில் குத்தினார். சொட்டு ரத்தம் இல்லை. நாற்காலியில் குத்தினார். ஊசிதான் வளைந்தது.

"குபுகுபுன்னு பாயுற ரத்தம் எங்க போச்சு? சரி, சாமி காலை நீட்டுங்க. உங்களுக்காவது ஓடுதான்னு பாக்கலாம்."

சித்தர் நீட்டவில்லை, ஓடினார். மேடை, பந்தி ஹால், பின்வாசல், ரயில்வே கேட்! அவர் காலில் மட்டும் ரத்த ஓட்டம் பிரமாதம்.

"ஏங்க, இன்னும் இன்னா பாத்துக்கினு கீறீங்க? ஜல்தி ஏந்திரிங்க" என்று சூசை மேரி வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றினார். "அந்தப் பீடிக்கட்டை இப்படிக் குடுறா" என்று விருத்தாசலம் பெரியநாயகத்தின் சட்டைப்பையில் கைவிட்டார்.

முண்டியம்பாக்கத்தில் சுண்டுவிரல் போனது. கால் பிழைத்தது. கோவிந்தம்மாளோ அந்த நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பொட்டு வைத்துவிட்டார்.

ஜனங்களே! காலுக்கு ரத்தம் போகாவிட்டால் பார்க்க டாக்டர் இருக்கிறார். மூளைக்குப் போகாவிட்டால் நீங்கள்தான் யோசித்து ஓட்ட வேண்டும்.